வேணாம் அக்கா

காரணம் சொல்வது அவருக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், கேட்டவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் இருக்காது. நமக்கு வேண்டாத பஸ் வந்து நின்றால் பலகையைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வோமே, அது போல. பிறகு வேலைக்குக் குனிந்துவிடுவார்.

பெங்களூர் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவருக்கு 'வேணாம் அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதுதான் நிஜப் பெயர் என்று நம்பி, "வேணாம் அக்கா, இந்த போர்டைக் கொஞ்சம் பாருங்க," என்று நேராகவே கூப்பிட்டுவிட்டாள். வரிசை முழுக்கக் கப்சிப். அவர் போர்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "மூணாவது கால்ல ஈயம் பத்தல," என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் நகர்ந்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

இன்வெர்ட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டுகள் செய்கிற கம்பெனி அது. அவருடைய இடம் பரிசோதனை அறையில் கடைசி மேஜை. வட்ட விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடியின் கீழே ஒவ்வொரு போர்டையும் பார்த்து, சரியில்லாததில் சிவப்புப் புள்ளி வைப்பது வேலை. எனக்கு அலுவலகத்தில் வேலை. வருகைப் பதிவு, விடுமுறை, சீருடை, ஆட்களின் ஃபைல், சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ராஜாஜி நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அவர் ஸ்ரீராம்புரத்துக்காரர், மூன்று தலைமுறையாகப் பெங்களூர். நான் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் கடைசி வரைக்கும் நான் அவருக்கு 'மேடம்'தான். மாலையில் இருவருக்கும் ஒரே பஸ்.

முதல் மோதல் முதலுதவிப் பெட்டியில்தான் வந்தது. போர்டில் பொருத்தும் பாகங்களின் கம்பிக் கால்களை வெட்டும் மேஜையைத் தாண்டி வரும்போது, கம்பி முனை ஒன்று அவருடைய ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. நல்ல ரத்தம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஞ்சால் துடைத்துவிட்டு ஒட்டுப் பிளாஸ்டரைப் பிரிக்கிறேன், அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அது வேணாம் மேடம்."

"ரத்தம் நிக்கலையேக்கா. சும்மா ஒட்டிக்கோங்க."

"வேணாம்."

சாப்பாட்டுப் பையிலிருந்து பழைய பருத்திப் புடவைக் கிழிசல் ஒன்றை எடுத்தார். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்தப் பையில் அப்படி நாலைந்து கிழிசல்கள் மடித்து வைத்திருந்தார். பிரித்த பிளாஸ்டர் என் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கம்பெனிக் காசில் வாங்கின பிளாஸ்டரைவிடக் கந்தல் உசத்தியா என்று அன்று முழுக்க மனதுக்குள் சண்டை போட்டேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். நான் சேர்ந்த வருஷம் இளைஞர்கள் சேர்ந்து பலூன் கட்டினார்கள். கூரையெல்லாம் பலூன். அவர் வாசல்படி வரை வந்தார், அண்ணாந்து பார்த்தார், அப்படியே திரும்பி என் அறைக்கு வந்து, "அரை நாள் லீவு மேடம்," என்றார். பூஜைத் தட்டிலிருந்து பொரியும் கடலையும் மட்டும் எடுத்துக்கொண்டு வாழைப்பழத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார்.

போன பிறகு ஆளுக்கு ஒரு கதை. வேறு மதத்துக்கு மாறிவிட்டார் என்றார் ஒருவர். கண்ணேறுக்குப் பயப்படுகிறார் என்றார் இன்னொருவர். ஸ்டோர்ஸ் பெரியவர்தான் தீர்ப்புச் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. காசிக்குப் போயிட்டு வந்திருக்கும். அங்க ஒரு பழத்தை விட்டுட்டு வரணும் இல்ல? வாழைப்பழத்தை விட்டுட்டு வந்திருக்கும்." எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கேன்டீனில் யாராவது பழம் நீட்டினால், பக்கத்தில் இருப்பவர், "அக்கா காசிக்குப் போயிட்டு வந்தவங்கப்பா," என்பார். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. காசி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் முரட்டு ஆள் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் இருக்கை பிடித்து வைப்பார். டிபன் டப்பாவில் எனக்கென்று ஒரு மூலையில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். நான் ஊருக்குப் போய் வந்தால், "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்பார். அடுத்தவர் காரணங்களைக் கேட்க அவருக்குப் பொறுமை உண்டு. தன் காரணங்களைத்தான் வெளியே விடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் என்னை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார். தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு. நான் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். துணி துவைக்க வேண்டும், சித்தி வருகிறார், கண் வலி, இன்னும் என்னென்னவோ. பஸ்ஸில் அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"இவ்ளோ எதுக்கு மேடம்?"

"காரணம் சொல்லணும் இல்லக்கா?"

"சொல்லுங்க. சொன்னீங்கன்னா அவரு ஒண்ணொண்ணா எடுப்பாரு. துணியைச் சாயங்காலம் தொவைன்னுவாரு. சித்தியைத் திங்கக்கிழமை வரச் சொல்லும்பாரு. காரணம் குடுத்தா பேரம் ஆரம்பிச்சிடும். வர முடியாது சார்னு சொல்லிட்டுச் சும்மா நில்லுங்க."

பஸ்ஸிலிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். எதிர்முனையில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஆயித்து, சோமவாரா பன்னி," என்றார் மேனேஜர். சரி, திங்கள்கிழமை வா. எனக்கு நம்பவே முடியவில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

இத்தனை சொன்ன பிறகு அந்த மெமோவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அதை டைப் அடித்தவள் நான்.

புதிதாக ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்தார். அவர்களுடைய ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, போர்டில் விரல் ரேகை படக் கூடாது, எல்லோரும் கையுறை போட வேண்டும் என்றார்கள். மறு வாரமே பெட்டி பெட்டியாக வெள்ளை ரப்பர் கையுறை வந்து இறங்கியது. உள்ளே மாவு தூவிய வகை. கையில் மாட்டி இழுத்தால் சுண்ணாம்புத் தூசி மாதிரி பறக்கும். நான் மேஜை மேஜையாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

"வேணாம் மேடம்," என்றார்.

"இது வேணாம்னு சொல்ல முடியாதுக்கா. கட்டாயம்."

மறுநாள் சிக்பேட்டையில் வாங்கிய பருத்திக் கையுறையோடு வந்தார். நூல் உதிரும், போர்டில் ஒட்டும் என்று மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. "யாக்கம்மா? ஏன், சொல்லு," என்று கன்னடமும் தமிழுமாக மூன்று முறை கேட்டார்.

"பேடா சார்," என்றார் இவர், கன்னடத்தில். அதே வேண்டாம்தான்.

மூன்று நாள் பார்த்துவிட்டு மேனேஜர் மெமோ கொடுக்கச் சொன்னார். பாதுகாப்பு விதியை மீறியதற்காக இது எச்சரிக்கை, இன்னொரு முறை மீறினால் வேலையை விட்டு நீக்கப்படுவீர்கள். நான் நீட்டியதும் அக்கா படித்துப் பார்த்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். அன்று பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான்தான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து கையுறை போட ஆரம்பித்தார். பருத்தி உறையை உள்ளே மாட்டி அதன்மேல் ரப்பரை மாட்டிக்கொண்டார். பிரச்சினை தீர்ந்தது என்று எனக்கு நிம்மதி. சாப்பாட்டு நேரத்தில் கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டார். அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த வாரக் கடைசியில், மதியம் மூன்று மணி இருக்கும், வரிசைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "மேடம், அக்காவுக்கு என்னமோ ஆகுது."

பரிசோதனை அறை ஏசி போட்டு மூடிய சின்ன அறை. எட்டுப் பேர் நாள் முழுக்கக் கையுறையை மாட்டி மாட்டிக் கழற்றியதில் காற்றில் மாவு மிதந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் இமைகள் வீங்கி மூடியிருந்தன. உதடு தடித்துப் போயிருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு இழுக்கும்போது விசில் அடித்தது. கையுறையைக் கழற்றியபோது உள்ளே மணிக்கட்டு வரை தோல் உரிந்து, வெடித்து, நீர் கோத்திருந்தது. ஒரு வாரம் இந்தக் கையை வைத்துக்கொண்டா சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்?

ஆட்டோவில் போட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். பேச வாய் திறந்தார், குரல் வரவில்லை.

உள்ளே படுக்க வைத்ததும் ஒரு நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டே வந்தார். இன்னொரு கையில் ஊசியை நிறுத்த வெட்டிய பிளாஸ்டர். அதைப் பார்த்ததும் இவர் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். இல்லை, இல்லை, இல்லை.

"பயப்படாதீங்கம்மா, சின்ன ஊசிதான்," என்றார் நர்ஸ்.

டூட்டி டாக்டர் என் வயதுள்ள பெண். வேகமாக வந்தார். "என்ன சாப்பிட்டாங்க?"

"தயிர் சாதம். எப்பவும் சாப்பிடறதுதான்."

"எதுவாவது ஒத்துக்காதா? அலர்ஜி?"

"தெரியல டாக்டர். அவங்க எதையும் சொல்ல மாட்டாங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேணாம், வேணாம்னு மட்டும்தான் சொல்வாங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "எதை வேணாம்பாங்க?"

அந்தக் கேள்வியை இத்தனை நாளில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஏன் வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பிளாஸ்டர் ஒட்ட விட மாட்டாங்க. துணிதான் கட்டுவாங்க. பலூன் கட்டின எடத்துக்கு வர மாட்டாங்க. வாழைப்பழம் சாப்பிட மாட்டாங்க. க்ளவுஸ் வேணாம்னாங்க, நாங்கதான் கட்டாயப்படுத்திப் போட வெச்சோம்..."

நான் முடிக்கவில்லை. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், க்ளவுஸைக் கழட்டிட்டுத் தள்ளி நில்லுங்க. கை கழுவிட்டு அந்த நீலப் பெட்டியில இருக்கற வேற க்ளவுஸைப் போடுங்க. பிளாஸ்டர் வேணாம், காஸ் துணி சுத்துங்க." சொல்லிக்கொண்டே தொடையில் ஒரு ஊசி போட்டார்.

அரை மணி நேரத்தில் விசில் அடங்கியது. உதட்டின் வீக்கம் மெல்ல வடியத் தொடங்கியது. டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று எனக்கும் அவருக்குமாகப் பேசினார். ரப்பர் பாலில் செய்த பொருள் இவருடைய உடம்புக்கு ஆகாது போலிருக்கிறது. பலூன், கையுறை எல்லாம் அதில்தான் வரும். அதன் மாவு மூச்சில் போனாலும் ஆபத்து. ரப்பர் ஆகாத சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்டர் விஷயம் வேறாக இருக்கலாம், அதன் பசை சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். இவருக்கு இரண்டுமே இருக்கும் என்று தோன்றுகிறது. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார்.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?"

"சொல்லியிருக்கேன்," என்றார் அவர். கரகரத்த குரல். கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் விஷயம் கேள்விப்பட்டுப் பதறிப்போய், முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று கேட்டார். அதுதானே சார் என்றேன் நானும்.

டாக்டர் கொடுத்த கடிதத்தை வைப்பதற்காக அடுத்த நாள் அவருடைய ஃபைலை எடுத்தேன். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் அவர் சேர்ந்திருந்தார். அடியில் சேர்க்கைப் படிவம். ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், உடல்நலம் பற்றிய கட்டத்தில், தமிழில், குண்டுக் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: 'ரப்பர், ஒட்டும் பிளாஸ்டர் ஆகாது. தோல் புண்ணாகும். மூச்சு அடைக்கும்.'

அதற்குக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரை. முத்திரையின் மேல் என் கையெழுத்து.

அந்த முத்திரையை அன்று எத்தனை படிவத்தில் குத்தினேன் என்று நினைவில்லை. ஒன்றையும் படிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மெமோவைக் கிழித்துப் போடச் சொன்னார். மாவு தூவிய கையுறைகள் எல்லாம் அந்த வாரமே வெளியேறி, நீல நிறத்தில் ரப்பர் பால் கலக்காத வேறு வகை வந்தது. போர்டில் ரேகை படுவதில்லை, வாடிக்கையாளரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இரண்டு வாரம் கழித்துத் தன் மேஜைக்குத் திரும்பினார். பிறகு மூன்று வருஷம் அங்கேதான் இருந்தார். கம்பெனி தும்கூர் பக்கம் இடம் மாறியபோது நான் வேறு வேலைக்குப் போனேன், அவர் வீட்டோடு நின்றுவிட்டார். போன் எண் மாறி, தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போது மெட்ரோவில் பீன்யாவைத் தாண்டும்போது அந்தக் கூரை தெரியும். ஏதோ கூரியர் கிடங்காக இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் படிவத்தை என்னிடம் நீட்டினால், நான் இன்னும் மூன்றாம் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்த அன்று மாலை, பஸ் நிறுத்தத்தில், அந்தப் படிவத்தின் நகலைக் கொடுத்தேன். காலையிலிருந்து கொடுக்கத் தைரியம் இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரல்களில் புதுத் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"இது உங்க கையெழுத்தா மேடம்?"

"ஆமாங்க்கா. படிக்காமலே போட்டுட்டேன்."

எங்கள் மெஜஸ்டிக் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"பெரியவ பொறந்தப்ப ஆபரேஷன்," என்றார். அவர் தானாக ஒரு பேச்சைத் தொடங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வயித்து மேல நாலு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர். ரெண்டாம் நாளே எரியுதுன்னேன். எல்லாருக்கும் எரியும்னாங்க. உதடு வீங்குச்சு. பயத்துல வீங்குதுன்னாங்க. பயந்தா உதடு வீங்குமா மேடம்? பிரிச்சப்ப தோலும் கூடவே வந்துடுச்சு. பத்து நாள் கொழந்தைய மடியில வெச்சுக்க முடியல. மாமியாரு, கத்திரிக்கா தின்னிருப்பேன்னாங்க. வீட்டுக்காரரு, நீதான் சொறிஞ்சிருப்பே, நகத்தை ஒட்ட வெட்டுன்னாரு. நான் ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு சொன்னாங்க. எதைச் சொன்னாலும் அவங்ககிட்ட ஒரு பதில் இருந்துச்சு. சரி, இனிமே வாயே தொறக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

இரண்டாவது பஸ் போயிற்று.

"இங்க சேர்றப்ப நீங்க தாளைக் குடுத்தீங்க. தாள் குறுக்க பேசாதுன்னு எழுதினேன்."

அவர் நகலை நாலாக மடித்து, பையில் துணிக் கிழிசல்களுக்கு நடுவே வைத்தார். பிறகு இன்னும் பேசினார். மகளுக்குப் பிறந்த நாள் வந்தால் பலூன் வாங்க விடாததற்கு அவள் அழுதது, பல் பிடுங்கப் போய், டாக்டர் கையுறை மாட்டியதும் எழுந்து வந்தது, ஒவ்வொன்றாக. மூன்றாவது பஸ்ஸும் கூட்டமாக வந்து, நின்று, போயிற்று. தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

கடைசியில், புதுத் தோல் வந்த கையை வயிற்றின் மேல், சேலைக்கு வெளியே, லேசாக வைத்துக்கொண்டார்.

"நான் சொறியவே இல்ல மேடம்," என்றார்.

"நீங்க சொறியலக்கா," என்றேன்.

அடுத்த பஸ் காலியாக வந்தது. ஏறினோம்.